வண்டாரியும் அவசரகாலப் பையும்: அட்டப்பாடியில் இருப்பு வைத்தலின் வரலாறு

முன்னுரை

இடர்க்காலத்திற்கென நீரையும் உணவையும் வீட்டில் இருப்பு வைத்தல், அண்மைக் காலத்தில் அரசுகள் மக்களுக்கு வழங்கும் அறிவுரையாக உருப்பெற்றுள்ளது. கேரளத்தில் 2018 ஆகஸ்டு வெள்ளத்திற்குப் பின்னர், மழைக்காலத்தை எதிர்கொள்ள வீடுதோறும் அவசரகாலப் பை ஒன்றை ஆயத்தமாக வைத்திருக்குமாறு மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்தி வருகிறது. குடிநீர், உலர் உணவு, மருந்து, டார்ச் விளக்கு, வானொலி, தீப்பெட்டி, ஆவணங்கள், சிறிது பணம் ஆகியன அப்பட்டியலில் இடம்பெறுவன. பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில், அகளியைச் சூழ்ந்துள்ள பழங்குடி ஊர்களில், இருப்பைக் காத்தல் இதற்கு நெடுங்காலம் முன்னரே ஒரு பதவியாக நிலவியது. அவ்விருப்பு எதனைச் சார்ந்து நின்றது, எவ்வாறு தளர்ந்தது என்பதனை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

அரணும் கூடும்

திருக்குறளின் அரண் அதிகாரம் அரணுக்குரிய உறுப்புகளைக் கூறுங்கால் நீரை முதலில் வைக்கிறது (742). அகத்தோர்க்கு வேண்டும் உணவு உள்ளேயே அமைந்திருத்தல் வேண்டும் என்பதனையும் சுட்டுகிறது (745). முற்றுகையை எதிர்நோக்கிய சிந்தனை இது. பெரும்பாணாற்றுப்படையோ, ஏணிக்கும் எட்டாத உயரமுடையனவாய்ப் பழந்தானியம் நிறைந்த கூடுகளை உழவர் இல்லங்களில் காட்டுகிறது. முன்னது வேந்தனின் இருப்பு; பின்னது வளமிக்க மருதநிலத்தின் இருப்பு. மலைவாணர் இருப்பு இவ்விரண்டினும் அடங்காது. தினைப்புனம் காத்தலைப் பற்றி இலக்கிய ஆய்வுகள் பேசிய அளவிற்கு, கொய்த தினை எங்கு வைக்கப்பட்டது, யார் பொறுப்பில் இருந்தது என்பன பற்றிப் பேசவில்லை.

மழைமறைவு நிலம்

அட்டப்பாடி அகளி, புதூர், சோலையூர் ஆகிய ஊராட்சிகளை உள்ளடக்கிய மலைப்பகுதியாகும். இருளர், முதுகர், குறும்பர் ஆகியோர் இதன் தொல்குடிகள். அமைதிப் பள்ளத்தாக்கினை ஒட்டிய மேற்குப் பகுதி பெருமழை பெறுவது. கிழக்கே கோவை எல்லையை நெருங்க நெருங்க மழை குன்றி, நிலம் கொங்குநாட்டின் வறட்சியை ஒத்துவிடுகிறது. கேரளத்தின் 44 ஆறுகளுள் கிழக்கு நோக்கிப் பாயும் மூன்றனுள் ஒன்றாகிய பவானி இவ்வழியே சென்று தமிழகத்துள் மீண்டும் நுழைகிறது. அட்டப்பாடி மலைகளில் தேங்கும் சிறுவாணி நீர் கோயம்புத்தூர் நகரத்தின் குடிநீராகிறது. ஆறுகள் இருந்தும், கிழக்குச் சரிவின் ஊர்களில் கோடைக்காலத்துக் குடிநீர் தட்டுப்பாடாகவே இருந்து வந்துள்ளது.

போக்குவரத்தும் எளிதன்று. மண்ணார்க்காட்டிலிருந்து ஏறும் மலைச்சாலை மழைக்காலங்களில் மண்சரிவால் பலமுறை அடைபட்டுள்ளது. அந்நாள்களில் ஆனைகட்டி வழியாகக் கோவைக்குச் செல்லும் சாலையே எஞ்சுவது.

வண்டாரி

அட்டப்பாடியின் ஊர் அமைப்பில் மூப்பன் தலைவர். குறுதலை அவருக்குத் துணைவர். மண்ணூக்காரன் மண்ணையும் விதைப்பையும் சார்ந்த பொறுப்பினர். வண்டாரி ஊரின் பொருளைக் காப்பவர். வண்டாரி என்பது பண்டாரி என்பதன் திரிபு. பண்டாரம் என்னும் சொல் வடமொழிவழி வந்து, சோழர் கல்வெட்டுகளில் 'ஸ்ரீபண்டாரம்' எனக் கோயிற் கருவூலத்தைக் குறிக்கக் காணலாம். பெருங்கோயிலின் பொன்னையும் நெல்லையும் சுட்டிய சொல், மலையூர் ஒன்றின் பொதுப்பொருளைக் காக்கும் மனிதனுக்குப் பெயராகி நின்றமை நோக்கத்தக்கது. இருப்பினைக் காத்தல் தனி வீட்டின் முன்னெச்சரிக்கையாக மட்டுமன்றி ஊரின் கடமையாகவும் கருதப்பட்டமைக்கு இப்பதவியே சான்று.

அவ்விருப்பின் ஊற்று புனம். மலபார் வழக்கிலும் சங்க வழக்கிலும் புனம் என்றே வழங்கும் மலைக்கொல்லையில் கேழ்வரகு, சாமை, தினை, துவரை, அவரை ஆகியன கலந்து விதைக்கப்பட்டன. இவை ஒருசேர விளைவதில்லை. ஒன்று பொய்ப்பினும் மற்றொன்று கைகொடுக்கும். கேழ்வரகு நன்கு உலர்த்தி வைத்தால் புழுவரிக்காமல் ஆண்டுக்கணக்கில் கெடாதிருக்கும் இயல்பினது. இவற்றோடு காட்டுக் கிழங்குகளும் உண்டு. அகழும் வரை அவற்றை மண்ணே வைத்துக் காக்கும். ஆதலின் வீட்டில் இருந்த தானியம் இருப்பின் ஒரு பகுதியே. எஞ்சிய பகுதி கொல்லையிலும் காட்டிலும் இருந்தது எனல் பொருந்தும்.

இருப்பின் தளர்ச்சி

1951-இல் அட்டப்பாடி மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கினர் பழங்குடியினர். 2001-இல் அவர்கள் பாதிக்கும் குறைவினராயினர். இடைப்பட்ட அரைநூற்றாண்டில் கேரளச் சமவெளியிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் குடியேற்றம் நிகழ்ந்தது, நிலம் கைமாறியது. கைமாறிய நிலத்தை மீட்டளிக்கும் நோக்கில் 1975-இலும் 1999-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. முதற்சட்டம் ஏட்டளவில் நின்ற காலமே மிகுதி. புனம் சுருங்கவே, கேழ்வரகின் இடத்தை நியாயவிலைக் கடையின் அரிசி பற்றிக்கொண்டது. அரிசி பசியைத் தீர்த்தது உண்மை. ஆயின் அது வாரந்தோறும் வாங்கி உண்பது. அடுத்த ஆண்டிற்கென எடுத்து வைப்பதற்கு உரியதாக அமையவில்லை. காக்கப் பொருளின்றி வண்டாரி பெயரளவிற்குச் சுருங்கினார்.

2013-இல் அட்டப்பாடியின் பச்சிளங் குழந்தைகள் இறந்த செய்தி நாடெங்கும் பரவியபோது, தாய்மாரின் ஊட்டக்குறைவே பெரிதும் பேசப்பட்டது. ஊர்தோறும் குடும்பஸ்ரீ வழியே சமூகச் சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன. வெள்ளமோ மண்சரிவோ இன்றியே நேர்ந்த இடர் இது என்பதனை மறத்தலாகாது. 2017-இல் அரசு தொடங்கிய சிறுதானிய ஊர்த் திட்டம், இழந்த பயிர்களைக் கொல்லைக்கு மீட்கும் முயற்சியாகும். அட்டப்பாடித் துவரையும் ஆட்டுக்கொம்பு அவரையும் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றன.

நீர்வகையிலும் ஒரு முயற்சி உண்டு. அகளியைத் தலைமையிடமாகக் கொண்டு 1995-இல் அமைக்கப்பட்ட அட்டப்பாடி மலைப்பகுதி மேம்பாட்டுச் சங்கம், ஜப்பானிய நிதியுதவியுடன் தடுப்பணைகளை எழுப்பியும் மரங்களை நட்டும் வறண்ட கிழக்குச் சரிவில் நீரை மண்ணுக்குள் இறக்க முயன்றது. மண்ணுக்குள் நீரைச் சேமித்தலே இப்பகுதிக்கு உரிய நீரிருப்பு எனலாம்.

பையும் ஊரும்

அவசரகாலப் பையின் பயனை மறுப்பதற்கில்லை. சாலை அடைபடும் ஓர் ஊரில் மருந்தும் டார்ச் விளக்கும் உயிர் காப்பன. நெகிழி உறையிலிட்ட ஆவணங்களுக்கு இங்குக் கூடுதல் பொருளுண்டு. நிலமீட்பு வழக்குகளில் தாளே வழக்கைத் தாங்குவது. எனினும் பையால் ஆகாதனவும் உள. இடுக்கி மாவட்டத்துப் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6 இரவு நேர்ந்த நிலச்சரிவு, தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் லயங்களை உறக்கத்திலேயே மூடியது. இறந்தோரும் காணாமற்போனோரும் 70 பேர். முன்னறிவிப்பு எட்டாத இடத்தில், கட்டி வைத்த பையைக் கையில் எடுப்பார் இலர்.

நீரைப் பொறுத்தவரை கணக்கு எளிது. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லிட்டர் வீதம் மூன்று நாள்களுக்கு வைத்திருத்தல் வேண்டும் என்பது உலகளவில் வழங்கும் பொது அளவு. ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 60 லிட்டர். 15 லிட்டர் கொள்ளும் குடத்தில் நான்கு குடம். மூடி வைத்து, நாள்பட்டதை அவ்வப்போது மாற்றி, காய்ச்சிக் குடித்தல் வேண்டும். மழைக்காலத்தில் இது இயலாததன்று. அறிவுரையும் பெரும்பாலும் மழையை ஒட்டியே வருவது. கிழக்கு அட்டப்பாடியின் நீர்இடரோ மார்ச்சு தொடங்கி மே வரை நீள்வது. அந்நாள்களில் நான்கு குடம் நீர் பெண்கள் தொலைவிலிருந்து சுமந்து வரும் அன்றைய சமையலுக்கே செலவாகிவிடும்.