தோட்ட வாயிலில் நின்ற இலவசக் கல்வி

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் எழுத்தறிந்த தொழிலாளி லயத்திலேயே பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பித்த காலம் உண்டு. அரசின் உதவிப்பணமோ பதிவுபெற்ற பள்ளிகளுக்கே உரியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் பொறுப்பைத் தோட்டத்துரையிடம் ஒப்படைத்தது. கொழுந்து பறிக்கவும் பால் வெட்டவும் கைகளைத் தேடியவனிடமே அக்கைகளுக்கு ஏடும் எழுதுகோலும் வழங்கும் பணி!

1945இல் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வி தோட்ட வாயிலிலேயே நின்றுவிட்டது. 1960-61இல் உதவிபெறும் பள்ளிகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பள்ளிகள் விடுபட்டன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977க்குப் பின்னரே பள்ளிகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன.

இடைப்பட்ட முப்பதாண்டில் பள்ளி வயதைக் கடந்தவர்களுக்கு எந்தச் சட்டமும் திரும்பி வந்து எழுத்தறிவிக்கவில்லை.