ஒரு பொலிஸ் மாஅதிபரின் மறுப்பு

ஓர் அரசின் இயல்பை அறிய அதன் யாப்பைப் படித்தால் மட்டும் போதாது. அதன் பொலிஸ் படையின் வரலாற்றையும் படித்தல் வேண்டும். அரசு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது யாப்பு. மக்கள் அவ்வரசை நேரிற் கண்ட விதமே பொலிஸ் வரலாறு. இலங்கை போன்ற சிறிய நாட்டில் அவ்வரலாற்றின் பெரும்பகுதியை ஒரே வீதியிற் படித்துவிடலாம். கொள்ளுப்பிட்டி அலரி மாளிகையிலிருந்து காலி வீதி வழியே வடக்கு நோக்கி நடந்தால் காலிமுகத்திடல் வரும். அதன் கோடியிலே பழைய பாராளுமன்றக் கட்டடம் நிற்கும்.

இந்நாட்டின் பொலிஸ் படை 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் அமைந்தது. 1866இல் அதற்குத் தலைமையேற்ற கேம்பல், பம்பாய் மாகாணத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர். 1913 முதல் 1937 வரை இருபத்துநான்கு ஆண்டுகள் அப்பதவியை வகித்த ஹேர்பட் டவுபிகினின் திறமையைப் பேரரசு மெச்சி, பாலஸ்தீனப் பொலிஸைச் சீரமைக்கும் ஆலோசனைக்காக 1930இல் அவரை அங்கு அனுப்பியது. பொலிஸ் யாருக்குப் பணிசெய்கிறது என்ற ஐயம் அன்று எவருக்கும் இருக்கவில்லை. எசமானரும் சட்டமும் ஒன்றாகவே இருந்த காலம் அது.

சுதந்திரத்தின் பின்னரே அவ்வினா எழுந்தது. 1955இல் ஒஸ்மண்ட் டி சில்வா பொலிஸ் மாஅதிபரானார். அவருக்கு முன் அப்பதவியில் அமர்ந்த முதல் இலங்கையரான றிச்சட் அலுவிகார சிவில் சேவையிலிருந்து வந்தவர். பொலிஸ் சேவையிலேயே படிப்படியாக உயர்ந்து தலைமைக்கு வந்த முதல் இலங்கையர் டி சில்வாவே.

அவர் பதவியேற்ற மறு ஆண்டு, 1956 ஜூன் 5ஆம் நாள், சிங்களம் மட்டும் மசோதாவை எதிர்த்துத் தமிழ்த் தலைவர்கள் செல்வநாயகத்தின் தலைமையிற் காலிமுகத்திடலிலே சத்தியாக்கிரகம் இருந்தனர். காடையர் அவர்களைத் தாக்கினர். அமிர்தலிங்கத்தின் தலையிலிருந்து இரத்தம் வழிந்தது. பொலிஸார் அருகிலே நின்றனர், தடுக்கவில்லை. அமைதியாக அமர்ந்திருந்தோர் பக்கமே சட்டம் இருந்தது. ஆயினும் சட்டத்தின் காவலர் அசையவில்லை. 1958இல் இனவெறி நாடெங்கும் பரவியபோதும், பல உயிர்கள் மாண்ட பின்னரே மே 27இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று.

1959இல் வினா வேறு வடிவில் வந்தது. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருக்கெதிராகப் பொலிஸை ஈடுபடுத்துமாறு பிரதமர் பண்டாரநாயக்க விரும்பினார் என்றும், அது சட்டத்துக்கு இசையாதென டி சில்வா மறுத்தார் என்றும் சொல்லப்படுகிறது. அவ்வாண்டு ஏப்ரலில் அவர் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டார். பிரதமரின் நண்பரும் சிவில் சேவையாளருமான வோல்டர் அபயக்கோன் அப்பதவிக்கு வந்தார். மூத்த பொலிஸ் அதிகாரிகள் மனம் புழுங்கினர்.

அப்புழுக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது? 1962 ஜனவரி 27 இரவு, பொலிஸ், இராணுவ, கடற்படை அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கைப்பற்றத் திட்டமிட்டிருந்தனர். பிரதிப் பொலிஸ் மாஅதிபர் சி. சி. திசாநாயக்கவும், ஓய்வுபெற்ற பிரதி மாஅதிபர் சிட்னி டி சொய்சாவும் அவர்களுள் முதன்மையானோர். அமைச்சர்களும் இடதுசாரித் தலைவர்களும் கைதாக வேண்டியோராயிருந்தனர். கொழும்புப் பொலிஸ் அத்தியட்சகர் ஸ்டான்லி செனநாயக்கவின் வழியாகச் செய்தி அவருடைய மாமனாரான பாராளுமன்ற உறுப்பினருக்கு எட்டியது. சதி அன்றிரவே முறிந்தது. செனநாயக்க 1970இல் பொலிஸ் மாஅதிபரானார்.

சதிகாரரைத் தண்டிக்க, நிகழ்ச்சிக்குப் பின்னர் தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இருபத்துநால்வர் குற்றஞ்சாட்டப்பட்டனர், 1965 ஏப்ரலிற் பதினொருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் இலண்டன் கோமறைக் கழகம், நீதித்துறைக்குரிய அதிகாரத்தில் அச்சட்டம் தலையிட்டதெனக் கூறித் தீர்ப்பை நீக்கியது. சட்டத்தைக் கவிழ்க்க முனைந்தோரையும் சட்டம் காத்தது. அது முறையே. ஆனால் 1956இற் காலிமுகத்திடலில் அடிபட்டோரை அதே சட்டம் ஏன் காக்கவில்லை என்று நாம் கேளாதிருக்க இயலாது.

ஒஸ்மண்ட் டி சில்வாவை நாம் வீரராக்க முற்படவில்லை. அவருடைய படையே அந்த ஜூன் மாதம் கைகட்டி நின்றது. எனினும் 1959இல் அவர் சொன்ன ‘இல்லை’ மதிப்புக்குரியது. அந்த ஒரு சொல்லுக்கு விலையாக அவர் தம் பதவியை இழந்தார். மறுத்தவர் தனித்து நின்றார். அவருக்கு அரணாக எந்த நிறுவனமும் இருக்கவில்லை. அமைச்சரின் விருப்பத்துக்கு ஆடும் பொலிஸும் மக்களுக்கு உதவாது; அமைச்சரை வெறுத்துத் துப்பாக்கி தூக்கும் பொலிஸும் உதவாது. முன்னையதை 1956இலும், பின்னையதை 1962இலும் கண்டோம்.

அந்த அரணைக் கட்டும் முயற்சி பிந்தியே வந்தது. 2001இல் 17ஆவது திருத்தத்தாற் சுதந்திரமான தேசிய பொலிஸ் ஆணைக்குழு உருவானது. 2010இல் 18ஆவது திருத்தம் அதன் அதிகாரத்தைப் பறித்தது. 2015இல் 19ஆவது திருத்தம் அதை மீட்டது. 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமோ திருத்தங்களுடன் இன்றும் வாழ்கிறது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வரலாற்றை ஆட்சியாளர் பெயர்ப் பட்டியலாகப் படித்தலாகாது. ஒவ்வோர் ஆணையின் முன்னும், ‘இது யாருடைய ஆணை? சட்டத்தினதா, அதிகாரத்தினதா?’ என்று கேட்கும் பழக்கம் மக்களிடம் வேரூன்ற வேண்டும். அப்படியொரு மக்கள் பின்னால் நின்றாலன்றி, மறுக்கத் துணியும் அதிகாரி என்றும் தனியனே.