அத்தையாரின் கையெழுத்து

சரித்திரம் என்றதும் நம்மவர் நெஞ்சிலே சோழன் கப்பற்படையும் கடாரமும் வந்து நிற்கின்றன. கடாரங்கொண்டானைப் பற்றி மேடையிலே ஒரு மணி நேரம் முழங்கவல்லவர், தம் பாட்டனார் எந்த வருஷம், எந்தக் கப்பலில், யாரை உடனழைத்துக்கொண்டு இந்நாட்டில் இறங்கினார் என்று கேட்டால் விழிக்கிறார். பிறரைச் சொல்வானேன்? சென்ற ஆண்டுவரை நாமும் அத்தகையோருள் ஒருவராகவே இருந்தோம்.

நம் தந்தையார் பிறைப் பகுதித் தோட்டமொன்றில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பதினாறாம் நாள், உறவினர் சிலர் அவருடைய பழந்துணிகளோடு ஒரு பிஸ்கட் தகரத்தையும் நெருப்பிலிடக் கொண்டுபோயினர். இறந்தவர் பொருள் வீட்டில் இருத்தல் ஆகாதாம்! தடுத்து வாங்கித் திறந்தோம். உள்ளே 36 கடிதங்கள். அத்தனையும் தந்தையாரின் தமக்கையாராகிய நம் அத்தையார், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து அனுப்பியவை.

அத்தையாரைப் பற்றி நம் வீட்டில் வழங்கிவந்த கதை ஒன்றே. "அவளுக்கு ஊர் ஆசை. இந்த மண் ஒட்டவில்லை. புருஷனையும் இழுத்துக்கொண்டு கப்பலேறிவிட்டாள்" என்பதே அது. இதைக் கேட்டே வளர்ந்த நாம், கூடப்பிறந்தவனைத் தனியே விட்டுப்போன கல்நெஞ்சக்காரி என்று அவரை எண்ணியிருந்தோம்.

கடிதங்களை நாள்வாரியாக அடுக்கினோம். தேதியில்லாதவற்றுக்கு விலாசம் துணை செய்தது. 'திருச்சி ஜில்லா' என்றிருப்பவை முந்தியவை. 'புதுக்கோட்டை மாவட்டம்' என்றிருப்பவை பிந்தியவை. அம்மாவட்டம் தனியே அமைந்தது 1974 ஜனவரியிலன்றோ? ஆறிலக்க அஞ்சல் எண் காணப்பட்டால் அக்கடிதம் 1972 ஆகஸ்டுக்கு முந்தியதாகாது. செக்ரோலில் ஆள்கணக்குச் சரிபார்த்துப் பழகிய நம் தொழில் இங்கே கைகொடுத்தது.

அடுக்கிய பின் வேறொன்றும் புலனாயிற்று. 35 கடிதங்கள் ஐந்தாறு வெவ்வேறு கைகளால் எழுதப்பட்டவை. அத்தையார் எழுத்தறியாதவர். அவர் சொல்லச் சொல்ல, தபால்காரரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ எழுதித் தந்திருக்கின்றனர். ஆதலின் எல்லாம் ஒரே வார்ப்பு: இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்திற்கு எழுதவும், பிறகு மழை, மாடு, கல்யாணம், சாவு. பிறர் கையால் எழுதவேண்டிய பெண் தன் உள்ளக்குறையை எங்ஙனம் சொல்வாள்?

அடியிலே கிடந்த முப்பத்தாறாவது கடிதம் 1992ஆம் ஆண்டினது. கோணலான பெரிய எழுத்துக்கள். பாதிக்கு மேல் புள்ளியில்லை. அக்காலத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறியாப் பெண்கள் பல்லாயிரவர் வேலை முடிந்து வந்து எழுத்துப் பயின்றனர். சைக்கிள் விடவும் கற்றனர். ஐம்பத்தைந்து வயதில் அத்தையாரும் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுதியது இது:

"தம்பி, இது நானே எழுதுவது. நான் ஊர் ஆசையால் வரவில்லை. எனக்குச் சீட்டு இல்லை. சீட்டு எடுத்துத் தரும்படி அப்பாவைக் கேட்டேன். கட்டிக்கொண்டு போகிறவளுக்குச் சீட்டு எதற்கு என்றார். நீ பக்கத்தில் இருந்தாய். உனக்கு அப்போது ஒன்பது வயது. உன்மேல் குற்றமில்லை. உன் பிள்ளைகளிடமாவது உண்மையைச் சொல்."

தந்தையார் சொல்லவில்லை. கடிதத்தை எரிக்கவுமில்லை.

'சீட்டு' எது என்பதைச் சரித்திரம் கூறும். பாட்டனார் 1937இல் 'ரஜூலா' கப்பலில் வந்தபோது அத்தையார் கைக்குழந்தை. மறுவருஷம் ஜூன் மாதத்தில், தோட்ட வேலைக்கு உதவி கொடுத்து ஆட்களை அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது. தந்தையார் பிறந்தது இங்கே, தோட்டத்து லயத்தில். 1957இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது, பிற நாட்டில் பிறந்து இங்குப் பல்லாண்டு வாழ்ந்தோர் விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெற வழியிருந்தது. ஆயினும் கேட்டுப் பெறவேண்டும், காகிதம் காட்டவேண்டும், மலாய்மொழியும் ஓரளவு தெரிந்திருக்கவேண்டும். பெறாதவர் கையில் சிவப்பு அடையாள அட்டையே தங்கிற்று. பின்னர் 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பிரஜையல்லாதார் வேலை செய்ய அனுமதி பெறவேண்டும் என்றது. 1969இலும் 1970இலும் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் நாடு நீங்கினர். கைக்குழந்தையாகத் தம்மைக் கொணர்ந்த அதே 'ரஜூலா'வில், 1970இல், முப்பத்துமூன்று வருஷம் வாழ்ந்த நாட்டைவிட்டு அத்தையார் பினாங்கிலிருந்து திரும்பினார்.

சட்டத்தைக் குறைகூறுவது எளிது; கூறவும் வேண்டும். ஆனால் அச்சட்டம் வருவதற்குப் பத்தாண்டுகட்கு முன்பே நம் வீட்டுத் திண்ணையில் ஒரு சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. ஆணுக்குப் பள்ளிக்கூடம், பெண்ணுக்குப் பால்வாளி. ஆணுக்குக் காகிதம், பெண்ணுக்குக் கல்யாணம் என்பதே அது. பாட்டனார் கொடியவரல்லர். உலக வழக்கைச் செய்தார், அவ்வளவே. அந்த வழக்கின் விலையை மகள் கொடுத்தாள். அதை மூடிமறைக்க 'ஊர் ஆசை' என்றொரு கதை கட்டி, பழியையும் அவள் தலையிலேயே ஏற்றினோம்.

இன்று நாம் வேலைசெய்யும் தோட்டத்தில் ரப்பர் இல்லை, செம்பனையே. வேலையாட்களோ இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும். அவர்களுடைய அனுமதிச் சீட்டு முடியும் தேதிகளை மாதந்தோறும் புத்தகத்தில் பதிவது நம் வேலை. முன்பு அவை வெறும் எண்களாக இருந்தன. இப்போது ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் எங்கோ ஒரு தம்பி கடிதத்துக்குக் காத்திருப்பதாகவே தோன்றுகிறது.

தோழர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு தகரப்பெட்டி இருக்கக்கூடும். நெருப்பிலிடுமுன் படியுங்கள். எழுதப்படிக்கத் தெரியாத கிழவியார் இருந்தால் பக்கத்தில் அமர்ந்து கேட்டெழுதுங்கள். அழகுபடுத்தாமல் அவர் சொன்னபடியே எழுதுங்கள். உங்கள் பெண்களின் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் வீட்டில் உள்ளனவா என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள்.

அத்தையார் இன்று இல்லை. பிள்ளைகளிடம் உண்மையைச் சொல் என்று அவர் கேட்டதை, இருபத்தேழு எழுத்து கற்றாலும் போதும் என்றிராமல் முழுதும் கற்று எழுதிய அக்கையால் கேட்டதை, தந்தையாருக்குப் பதிலாக நாம் இங்கே சொல்லிவிட்டோம்.