உள்ளது உரைத்த வர்ணனையாளர் ரெட் பார்பர்

அமெரிக்கப் பேஸ்பாலின் உயர்நிலைப் போட்டியாகிய மேஜர் லீக் ஆட்டம் வானொலியில் முதன்முதலாக ஒலித்தது 1921 ஆகஸ்டு 5ஆம் நாள், பிட்ஸ்பர்க் நகரில். ஆடுகளத்தில் நடப்பதை, அதைக் காண வழியில்லாதவர்களுக்கு அக்கணமே எடுத்துச் சொல்லும் ஒரு புதிய தொழில் அன்று பிறந்தது. அத்தொழிலில் பெயர் பெற்றோர் பலர். அவர்களுள் ரெட் பார்பரின் வரலாறு தனியே எழுதத்தக்கது. உள்ளதைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்ற பிடிவாதம் அவருக்குப் புகழைத் தந்தது. இறுதியில் வேலையையும் பறித்தது.

நம் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் ரவுண்டர்ஸ் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் பேஸ்பால் முற்றும் புதிதன்று. எறியப்படும் பந்தை அடித்துவிட்டு, நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் பக்கம் மாறும். இவ்வாறு ஒன்பது சுற்றுகள்.

வால்டர் லேனியர் பார்பர் 1908இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். செம்பட்டைத் தலைமயிரால் 'ரெட்' என்றாயிற்று. ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்துகொண்டே படித்தார். 1930 ஜனவரியில் ஒரு நாள், அங்குள்ள வானொலி நிலையத்தில் கட்டுரை படிக்கவேண்டிய வேளாண்மைப் பேராசிரியர் வரவில்லை. பக்கத்திலிருந்த பார்பரைப் பிடித்துப் படிக்கச் சொன்னார்கள். கட்டுரையின் பொருள் பசுக்களின் பேறுகாலம்! நான்கே ஆண்டுகளில், 1934இல், சின்சினாட்டி ரெட்ஸ் குழுவின் வர்ணனையாளரானார். தாம் வர்ணித்த முதல் மேஜர் லீக் ஆட்டந்தான் அவர் கண்ணால் கண்ட முதல் மேஜர் லீக் ஆட்டமும் ஆகும்.

நியூயார்க் நகரத்து மூன்று குழுக்களும், வானொலியால் சீட்டு விற்பனை குறையும் என்றஞ்சி, ஒலிபரப்பையே ஐந்தாண்டு தடுத்து வைத்திருந்தன. 1939இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழு அத்தடையை உடைத்துப் பார்பரை அழைத்துக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட முதல் மேஜர் லீக் ஆட்டத்துக்கும் அவரே வர்ணனையாளர்.

அக்காலத்தில் வெளியூர் ஆட்டங்களுக்கு வர்ணனையாளர் போவதில்லை. தந்தியில் வரும் சுருக்கக் குறிப்பை வைத்து, நிலையத்தில் உட்கார்ந்தபடியே ஆட்டத்தைச் சொல்லுவார். பலர் கட்டையைத் தட்டி மட்டையின் ஓசை எழுப்புவர். கூட்டத்தின் ஆரவாரத்தை இசைத்தட்டில் வைத்துச் சுழற்றுவர். பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகன், 1930களில் இத்தொழில் பார்த்தபோது ஒருமுறை தந்தி அறுந்துவிட, நடக்காத அடிகளைப் பல நிமிடம் கற்பனையாகச் சொல்லிச் சமாளித்ததைத் தாமே வேடிக்கையாகக் கூறியுள்ளார். பார்பரோ தந்திப் பொறியின் அருகிலேயே ஒலிவாங்கியை வைத்தார். பொறி தட்டும் ஓசை நேயர்கள் காதில் விழும். செய்தி எங்கிருந்து வருகிறதென்பது விளங்கும்.

முட்டை அவிக்க உதவும் மூன்று நிமிட மணற்கடிகை ஒன்றையும் அவர் முன்னால் வைத்திருந்தார். மணல் இறங்கியதும் ஓட்ட எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுக் கடிகையைத் திருப்புவார். இடையில் வந்து கேட்பவனுக்கும் கணக்குத் தெரியவேண்டுமே! சொன்னதையே திரும்பச் சொல்ல வெட்கப்படும் இளம் ஆசிரியர்களுக்கு இதை நான் எடுத்துக்காட்டுவதுண்டு.

பார்பருக்கு வந்த கடுஞ்சோதனை நிறவேற்றுமை பற்றியது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மேஜர் லீக்கில் கறுப்பினத்தவர் எவருக்கும் இடமில்லை. கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரைச் சேர்க்கப் போவதாக 1945இல் டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவரிடம் அந்தரங்கமாகச் சொன்னார். தென்மாநிலத்தில், வெள்ளையர் வேறு கறுப்பர் வேறு என்ற சூழலில் வளர்ந்தவர் பார்பர். வீட்டுக்குச் சென்று, வேலையை விட்டுவிடப் போகிறேன் என்றார். இன்றிரவே முடிவு செய்யவேண்டுமா என்று தடுத்தவர் அவர் மனைவி. பிறகு அவர் தம்மைத் தாமே ஆராய்ந்தார். 1935இல், முன்னாள் நீதிபதியான ஆணையர் லாண்டிஸ், வர்ணனையாளர்கள் நடப்பதைச் சொல்லவேண்டும், தீர்ப்புக் கூறலாகாது என்று அறிவுறுத்தியது நினைவுக்கு வந்தது. 1947 ஏப்ரல் 15இல் ஜாக்கி ராபின்சன் களமிறங்கியபோது, பார்பர் அவரை மற்றோர் ஆட்டக்காரராகவே வர்ணித்தார். ராபின்சன் அடித்தார், ஓடினார், தளம் சேர்ந்தார், அவ்வளவே. கூட்டத்தில் வசைமொழி கேட்ட காலத்தில், அந்தச் சமநிலைக் குரல் வீடுதோறும் சென்று செய்த வேலையைச் சிறிதென்று நான் கருதவில்லை.

அவ்வாண்டு உலகத் தொடரின் நான்காம் ஆட்டத்தில், யாங்கீஸ் பந்தெறிபவர் பெவன்ஸ், எட்டுச் சுற்றுகள் கடந்தும் டாட்ஜர்ஸ் தரப்பில் எவரும் அடித்துத் தளம் சேரவிடவில்லை. அதை வாய்விட்டுச் சொன்னால் கெட்டுவிடும் என்பது பேஸ்பால் உலகின் மூடநம்பிக்கை. பார்பர் தயங்காமல் சொன்னார். ஒன்பதாம் சுற்றில், இருவர் ஆட்டமிழந்தபின், லாவஜெட்டோ அடித்த ஒரே அடியில் டாட்ஜர்ஸ் 3–2 என வென்றது. பழி பார்பர் தலையில் விழுந்தது!

1953 உலகத் தொடருக்கு விளம்பர நிறுவனம் குறித்த ஊதியம் குறைவென்று மறுத்தார். குழுத் தலைமை துணை நிற்காததால் மறு ஆண்டு யாங்கீஸுக்கு மாறினார். 1966 செப்டம்பர் 22ஆம் நாள் யாங்கீஸ் பட்டியலின் அடியில் கிடந்தது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரும் அரங்கில் வந்திருந்தவர் 413 பேர். வெற்றிருக்கைகளைக் காட்டும்படி பார்பர் படப்பிடிப்பாளர்களைக் கேட்டார், மேலிடம் மறுத்தது. ஆட்டத்தைவிட இந்தக் கூட்டமே இன்றைய செய்தி என்று வாயால் சொல்லிவிட்டார். சில நாளில், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று தெரிவிக்கப்பட்டது.

1978இல் பேஸ்பால் புகழ்மன்றத்தின் ஃபிரிக் விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது, மெல் ஆலனுடன் பார்பரும் அதைப் பெற்றார். அவரிடம் 1950இல் பயிற்சிக்குச் சேர்ந்த வின் ஸ்கல்லி, 2016 வரை 67 பருவங்கள் டாட்ஜர்ஸ் ஆட்டங்களை வர்ணித்தார். பார்பரோ 1981 முதல் வெள்ளிதோறும் காலையில் தேசியப் பொது வானொலியில் சில நிமிடம் பேசிவந்தார். பேஸ்பால் பற்றிக் கேட்டால், தம் தோட்டத்தில் கமீலியா பூத்திருப்பதைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார். 1992 அக்டோபரில், 84ஆம் வயதில் மறையும் ஆண்டுவரை அவ்வுரையாடல் தொடர்ந்தது.