வீட்டுக் கடன்: மாதம் 2,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் 3 வருடம் முன்பே முடியுமா? கணக்கு என்ன சொல்கிறது?

வேலை பெங்களூருவிலோ சென்னையிலோ. வீடு கட்டியிருப்பது பங்காருபாளையத்தில். சித்தூருக்கும் பலமநேருக்கும் நடுவில், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் இந்த ஊரில் இப்படிப் பல குடும்பங்கள் உண்டு. புதிய பெங்களூரு - சென்னை விரைவுச்சாலையும் இந்த வழியாக வருவதால், மனை வாங்குவதும் வீடு கட்டுவதும் இங்கே அடிக்கடி பேசப்படும் விஷயம்.

நீங்களும் அப்படி ஒரு வீட்டுக் கடனில் இருந்தால், ஒவ்வொரு மாதமும் இஎம்ஐ போன பிறகு மனதில் ஒரு கேள்வி வந்திருக்கும்: "20 வருஷம் இதைக் கட்டிக்கிட்டே இருக்கணுமா?"

வேண்டியதில்லை. பெரிய தொகை கையில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எப்படி என்று பார்ப்போம்.

இஎம்ஐ-யில் உங்கள் பணம் எங்கே போகிறது?

30 லட்சம் ரூபாய் கடன், 8.5% வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாத இஎம்ஐ சுமார் 26,035 ரூபாய் வரும்.

முதல் மாதம் நீங்கள் கட்டும் இந்த 26,035-ல் வட்டிக்கு மட்டும் 21,250 ரூபாய் போய்விடும். அசலில் குறைவது வெறும் 4,785 ரூபாய்தான்.

பாதிக் காலம், அதாவது 10 வருடம் தவறாமல் கட்டிய பிறகு நிலைமை என்ன? மொத்தம் 31 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். ஆனால் இன்னும் சுமார் 21 லட்சம் அசல் பாக்கி இருக்கும். 20 வருடமும் முடித்தால், 30 லட்சம் கடனுக்கு வட்டியாக மட்டும் சுமார் 32.5 லட்சம் கொடுத்திருப்பீர்கள்.

இதில் வங்கி ஏமாற்றுகிறது என்று எதுவும் இல்லை. பாக்கி இருக்கும் அசலுக்குத்தான் வட்டி. ஆரம்பத்தில் அசல் அதிகம், அதனால் வட்டியும் அதிகம். இதே கணக்குதான் உங்களுக்கு உதவவும் செய்கிறது. நீங்கள் கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் நேராக அசலில் கழியும். அந்த ரூபாய்க்கு இனி கடைசி வரை வட்டி கிடையாது.

மாதம் எவ்வளவு கட்டினால் எவ்வளவு மிச்சம்?

மேலே சொன்ன அதே கடன். முதல் மாதத்திலிருந்தே, இஎம்ஐ-யோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கட்டினால்:

• மாதம் 1,000 ரூபாய் கூடுதல்: கடன் சுமார் 21 மாதம் முன்பே முடியும். வட்டியில் மிச்சம் சுமார் 3.4 லட்சம்.
• மாதம் 2,000 ரூபாய் கூடுதல்: சுமார் 3 வருடம் 3 மாதம் முன்பே முடியும். மிச்சம் சுமார் 6.1 லட்சம்.
• மாதம் 5,000 ரூபாய் கூடுதல்: 20 வருடக் கடன் 13 வருடம் 8 மாதத்தில் முடியும். மிச்சம் சுமார் 11.7 லட்சம்.

எவ்வளவு கட்டுகிறோம் என்பதைப் போலவே எப்போது தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். இதே 2,000 ரூபாயை 10 வருடம் கழித்துக் கட்ட ஆரம்பித்தால் மிச்சம் சுமார் 1.2 லட்சம்தான். "சம்பளம் ஏறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதன் விலை இது.

இப்படிக் கட்டினால் அபராதம் உண்டா?

பலரைத் தடுக்கும் பயம் இதுதான். மாறும் வட்டியில் (ஃப்ளோட்டிங் ரேட்) இருக்கும் தனிநபர் வீட்டுக் கடனுக்கு, முன்கூட்டியே கட்டுவதற்காக வங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூனிலேயே சொல்லிவிட்டது.

2025 ஜூலை 2-ம் தேதி வந்த புதிய உத்தரவு இதை இன்னும் தெளிவாக்கியது. 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்கு இது பொருந்தும். தொழில் அல்லாத தேவைக்குத் தனிநபர் வாங்கிய மாறும் வட்டிக் கடன் என்றால், பகுதியாகக் கட்டினாலும் முழுதாக அடைத்தாலும் கட்டணம் கிடையாது. பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் காரணம் காட்ட முடியாது. இத்தனை மாதம் கழித்துத்தான் கட்டணமில்லாமல் கட்டலாம் என்றும் சொல்ல முடியாது.

நிலையான வட்டிக் கடன் (ஃபிக்ஸட் ரேட்) என்றால் கட்டணம் இருக்கலாம். கடன் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வங்கியில் என்ன சொல்ல வேண்டும்?

பணத்தைக் கட்டினால் மட்டும் போதாது. சரியாகக் கட்ட வேண்டும்.

1. "இஎம்ஐ அப்படியே இருக்கட்டும், தவணைக் காலத்தைக் குறையுங்கள்" என்று சொல்லுங்கள். இஎம்ஐ-யைக் குறைக்கச் சொன்னால் மாதச் செலவு கொஞ்சம் இறங்கும், ஆனால் கடன் சீக்கிரம் முடியாது. வட்டி மிச்சமும் குறைந்துவிடும்.

2. கூடுதல் தொகை அசலில் கழிந்ததா என்று பாருங்கள். சில சமயம் அது அடுத்த மாத இஎம்ஐ-க்கான முன்பணமாகப் பதிவாகிவிடும். "பார்ட் பேமென்ட்" என்று தெளிவாகக் குறிப்பிட்டுக் கட்டி, கடன் ஸ்டேட்மென்ட்டில் அசல் குறைந்திருக்கிறதா என்று சரிபாருங்கள்.

3. குறைந்தபட்சத் தொகையைக் கேளுங்கள். சில நிறுவனங்கள் ஒரு இஎம்ஐ அளவுக்குக் குறைவான பார்ட் பேமென்ட்டை ஏற்பதில்லை. அப்படி இருந்தால் மாதம் 2,000 ரூபாயை ஆர்.டி.யில் போட்டு, வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாகக் கட்டுங்கள். மேலே உள்ள உதாரணத்தில், மாதாமாதம் கட்டுவதற்கும் வருட முடிவில் 24,000 கட்டுவதற்கும் மொத்த மிச்சத்தில் வித்தியாசம் 35,000 ரூபாயைத் தாண்டாது.

4. கூடுதலாகக் கட்டியதால் அடுத்த இஎம்ஐ நின்றுவிடாது. வழக்கம்போல அந்தத் தேதியில் கணக்கில் பணம் இருக்க வேண்டும்.

வட்டி ஏறும்போதும் இறங்கும்போதும் என்ன செய்வது?

2022 மே மாதம் வரை ரெப்போ விகிதம் 4%. 2023 பிப்ரவரிக்குள் அது 6.5% ஆனது. 7%-ல் கடன் வாங்கியவர்களுக்கு வட்டி 9.5% வரை போனது. 30 லட்சத்துக்கு 7%-ல் 20 வருட இஎம்ஐ சுமார் 23,259 ரூபாய். 9.5%-ல் அதே 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 23,750 ரூபாய். அதாவது கடன் வாங்கிய புதிதில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ முழு இஎம்ஐ-யும் வட்டிக்கே போனது. பல வங்கிகள் இஎம்ஐ-யைத் தொடாமல் தவணைக் காலத்தை நீட்டியதால், நிறைய பேருக்கு இது தெரியவே இல்லை.

இதன் பிறகுதான் 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டுவந்தது. வட்டி மாறும்போது இஎம்ஐ-யைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா என்று முடிவு செய்யும் உரிமை உங்களுடையது. உங்கள் கடனில் இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று இன்றே ஆப்பில் பாருங்கள். நீங்கள் நினைத்ததைவிட அதிகமாக இருக்கலாம்.

2025-ல் ரெப்போ பல முறை குறைந்தது. இது உங்களுக்கு நல்ல வாய்ப்பு. 8.5% வட்டி 7.5% ஆனால், 30 லட்சம் கடனின் இஎம்ஐ 24,168 ரூபாயாக இறங்கும். நீங்கள் அதைக் குறைக்கச் சொல்லாமல் பழைய 26,035-ஐயே தொடர்ந்தால், கையிலிருந்து புதிதாக ஒரு ரூபாய்கூடப் போடாமல் மாதம் 1,800 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

மாங்காய்ப் பணத்தை நம்பலாமா?

பங்காருபாளையத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. இங்கே மாங்காய் மண்டி பெயர் பெற்றது. தோத்தாபுரி என்கிற கிளிமூக்கு மாங்காய்தான் இந்தப் பக்கத்தின் பணப்பயிர். வீட்டில் தோப்பு இருந்தால், "சீசன் முடிஞ்சதும் ஒரு லட்சம் கட்டிடலாம்" என்று அப்பா சொல்வார்.

2025 சீசனை நினைத்துப் பாருங்கள். தோத்தாபுரி விலை சரிந்து, கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய், அரசு ஆதரவாக 4 ரூபாய் என்று 12 ரூபாய் கிடைக்கச் செய்ய ஆந்திர அரசு தலையிட வேண்டியிருந்தது. லாரிகளும் டிராக்டர்களும் ஆலை வாசலில் காத்துக் கிடந்தன. அந்த வருடம் மாங்காய்ப் பணத்தை நம்பிக் கடன் திட்டம் போட்டவர் என்ன ஆகியிருப்பார்?

அதனால் மாதாந்திரக் கூடுதல் தொகையைச் சம்பளத்தின் மேல் கட்டுங்கள். தோப்பு வருமானம், போனஸ், சீட்டுப் பணம் வந்தால் அது மேலதிகம். வராவிட்டாலும் திட்டம் உடையாது.

யார் இப்போது கூடுதலாகக் கட்டக் கூடாது?

கடனில் போட்ட பணம் திரும்பக் கைக்கு வராது. அவசரத்துக்கு வேண்டும் என்றால், அதைவிட அதிக வட்டியில் புதிதாகக் கடன் வாங்க வேண்டியிருக்கும். அதனால் முதலில் இவற்றைப் பாருங்கள்:

• 6 மாதச் செலவுக்கான பணம் (இஎம்ஐ-யையும் சேர்த்து) தனியாக இருக்கிறதா? வேலை போனால் வங்கி உங்கள் பழைய பார்ட் பேமென்ட்டைப் பார்த்து இஎம்ஐ-யைத் தள்ளி வைக்காது.
• கிரெடிட் கார்டு பாக்கி, பர்சனல் லோன், கைமாற்று, வட்டிக்கு வாங்கிய பணம் இருக்கிறதா? வீட்டுக் கடனைவிட இவற்றின் வட்டி அதிகம். முதலில் இவை.
• உங்களுக்கு டெர்ம் இன்ஷூரன்ஸும் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் இருக்கிறதா?
• பழைய வருமான வரி முறையில் இருக்கிறீர்களா? நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கான கடன் வட்டியில் வருடத்துக்கு 2 லட்சம் வரை கழிவு கிடைக்கும். அதனால் உங்களுக்கு உண்மையான வட்டிச் சுமை கொஞ்சம் குறைவு. புதிய முறையில் இந்தக் கழிவு கிடையாது, எனவே சீக்கிரம் அடைப்பதற்குக் காரணம் கூடுகிறது.

"அந்தப் பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் அதிகம் வருமே?" வரலாம், வராமலும் போகலாம். 8.5% கடனை அடைப்பது 8.5% உறுதியான, வரியில்லாத வருமானத்துக்குச் சமம். நீண்ட கால முதலீட்டுக்குத் துணிச்சலும் பொறுமையும் இருந்தால் இரண்டுக்கும் பிரித்துப் போடுங்கள். ஓய்வுக்கால சேமிப்பை நிறுத்திவிட்டுக் கடனை அடைக்க வேண்டாம்.

கடன் முடிந்த அன்று மறக்கக் கூடாதவை

கடைசித் தவணை போனதும் வேலை முடிந்துவிடவில்லை. 2023 டிசம்பர் 1 முதல் உள்ள விதிப்படி, கடன் முழுதாக அடைந்த 30 நாட்களுக்குள் உங்கள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

கடன் பாக்கியில்லை என்ற சான்றிதழை வாங்குங்கள். அடமானம் பதிவாகியிருந்தால் அதை சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்து செய்து, புதிய வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். சிபில் அறிக்கையில் கடன் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எங்கே தொடங்குவது? இந்த மாதம் ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். பாக்கி அசல், வட்டி விகிதம், மீதித் தவணை ஆகிய மூன்றையும் எழுதுங்கள். உங்களால் வலிக்காமல் கட்ட முடிகிற ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அது 500 ரூபாயாக இருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு சம்பள உயர்விலும் கொஞ்சம் ஏற்றுங்கள். முதல் மாதம் ஒரே ஒரு தடவை 2,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால்கூட, நமது உதாரணக் கடனின் கடைசியில் சுமார் 10,800 ரூபாய் கட்ட வேண்டியிருக்காது.