கடித்தபின் ஊசியும் கடிக்குமுன் ஊசியும்: தமிழகத்தில் நாய், பூனை நலம் பேணிய வரலாறு

தமிழகத்தில் வீட்டு நாய், பூனைகளுக்கு மருத்துவம் பார்க்கும் முறை கடந்த நூறு ஆண்டுகளில் பெரிதும் மாறியிருக்கிறது. தொடக்கத்தில் மருத்துவத்தின் கவனம் முழுவதும் வெறிநாய் கடித்த மனிதர்மீதே இருந்தது. நாயைக் காத்தால் மனிதரையும் காக்கலாம் என்ற எண்ணம் பிறகே வலுப்பெற்றது. வெறிநோய் எனப்படும் ரேபிஸின் அறிகுறி தோன்றிவிட்டால் அதைக் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. எனவே முன்கூட்டியே காப்பதுதான் இந்த வரலாறு முழுவதற்கும் மையமான செய்தியாகும்.

பழைய உறவு

தமிழரோடு நாய் வாழ்ந்ததற்குக் கல்லிலேயே சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. கள்வரோடு போரிட்டு இறந்த வீரனுடன் அவனது நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்த நாயின் பெயரையும் கல்வெட்டு குறிப்பிடுகிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் ஆட்டுப்பட்டிக்கும் காட்டுக்கொட்டாய்க்கும் காவல் நாய். தானியத்தை எலியிடமிருந்து காக்கப் பூனை. இரண்டும் வீட்டு மிச்சத்தைத் தின்று வளர்ந்தன. மாட்டுக்கு நோய் வந்தால் வைத்தியம் தேடிய குடும்பம், நாய்க்கு நோய் வந்தால் பெரும்பாலும் விட்டுவிட்டது. உழவுக்கும் பாலுக்கும் மாடு இன்றியமையாதது என்பதே காரணம்.

கசௌலி வரை போக வேண்டிய காலம்

1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் பாரிஸில் தடுப்பூசி சிகிச்சையைத் தொடங்கினார். சிறுவன் பிழைத்தான். கடித்த கிருமி நரம்பு வழியாக மூளையை அடைய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதற்குள் உடலில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குவதே இந்தச் சிகிச்சையின் அடிப்படை.

இந்தியாவில் 1900-இல் இமயமலை அடிவாரப் பகுதியான கசௌலியில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவில் கடிபட்டவரும் அங்கேதான் போக வேண்டியிருந்தது. 1902-இல் லில்லி பேகன்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை அதன்பின் வலுத்தது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ், வைஸ்ராய் கர்சன் பிரபுவிடம் அளித்திருந்த நன்கொடையின் ஒரு பகுதி இதற்கு ஒதுக்கப்பட்டது. 1907-இல் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் செயல்படத் தொடங்கியது.

நாமக்கல்லுக்கு வடக்கே, சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள புதுச்சத்திரம் அப்போது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. குன்னூர் நிலையம் வந்ததால் இப்பகுதிக்கு என்ன மாறியது என்பதைப் பயணத்தை வைத்தே அறியலாம். கசௌலி என்றால் நாட்டின் மறுகோடிவரை பல நாள் ரயில் பயணம். குன்னூர் என்றால் சேலத்தில் ரயில் ஏறி மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து மலை ரயிலில் ஏறிவிடலாம். மேட்டுப்பாளையம் – குன்னூர் மலை ரயில் 1899-இலேயே ஓடத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு நாளும் உயிரோடு தொடர்புடைய இந்த நோயில், பயண நாள் குறைந்ததே பெரிய மருத்துவம்.

தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசி

கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள், 1911-இல் புதிய தடுப்பு மருந்தை உருவாக்கினார். கிருமி செலுத்தப்பட்ட ஆட்டின் மூளைத் திசுவைக் கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்து இது தயாரிக்கப்பட்டது. இதை வெளியூர் மருத்துவமனைகளுக்கு அனுப்ப முடிந்ததால், கடிபட்ட எல்லோரும் மலையேற வேண்டிய நிலை மாறியது. குன்னூர் நிலையமும் இம்மருந்தைப் பல பத்தாண்டுகள் தயாரித்தது.

"நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி" என்று இன்றும் முதியோர் சொல்வது இந்த மருந்தைத்தான். வலி ஒருபுறம் இருக்க, மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்கு வாதம் போன்ற நரம்புப் பாதிப்பும் ஏற்பட்டது. ஊசிக்கு அஞ்சிப் பச்சிலை கட்டியும் மந்திரித்தும் பலர் நாளைக் கடத்தினர். 2004 இறுதியில் இந்தியாவில் இம்மருந்து கைவிடப்பட்டது. இப்போது உயிரணு வளர்ப்பு முறையில் தயாரிக்கும் மருந்து கையில் போடப்படுகிறது. 2006 முதல் மிகக் குறைந்த அளவைத் தோலுக்குள் செலுத்தும் முறைக்கும் ஒப்புதல் உண்டு. தொப்புள் ஊசி போய்விட்டது. ஆனால் அதைப் பற்றிய பயம் சில வீடுகளில் இன்னும் போகவில்லை.

நாய்க்கே ஊசி

1921-இல் ஜப்பானில் உமெனோ, டோய் என்ற இருவர், நாய்களுக்குப் போடும் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிய முடிவுகளை வெளியிட்டனர். 1950-இல் அந்நாடு வளர்ப்பு நாய்களுக்குத் தடுப்பூசியைச் சட்டமாக்கியது. 1957-க்குப் பின் அங்கு உள்நாட்டில் வெறிநோய் பரவவில்லை. மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 விழுக்காடு வரை நாய்களால் வருகிறது என்றும், ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நோயின் சங்கிலி அறுபடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

தமிழகத்தில் இதற்கான மருத்துவ அடித்தளம் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அமைந்தது. 1936-இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்பைத் தொடங்கியது. குதிரையும் மாடும் முதன்மையாக இருந்த அந்தப் படிப்பில் நாய், பூனை மருத்துவம் மெல்ல வளர்ந்தது. 1985-இல் நாமக்கல்லில் மோகனூர் சாலையில் கால்நடை மருத்துவக் கல்லூரி அமைந்தது. 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. கோழிப் பண்ணைக்குப் பெயர்பெற்ற இம்மாவட்டத்தில், புதுச்சத்திரம் போன்ற ஊர்களின் நாய், பூனைகளுக்கும் உயர் சிகிச்சை அருகிலேயே கிடைக்க இக்கல்லூரி வழிசெய்தது.

இதற்கிடையே புதிய நோயும் வந்தது. 1978 வாக்கில் பார்வோ வைரஸ் உலகெங்கும் நாய்க்குட்டிகளைத் தாக்கியது. 1980களின் தொடக்கத்தில் சென்னையிலும் கண்டறியப்பட்டது. நேற்றுவரை ஓடியாடிய குட்டி வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக ஓரிரு நாளில் இறப்பதைக் கண்ட பிறகே, வெறிநோய் ஊசி மட்டும் போதாது என்பது பலருக்கும் விளங்கியது.

அன்றாடப் பராமரிப்பு

*தடுப்பூசி:* குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் ஆகியவற்றுக்கான முதல் ஊசி போட வேண்டும். 3, 4 வார இடைவெளியில் 16 வாரம்வரை அது தொடரும். வெறிநோய் ஊசி 3 மாதத்தில் தொடங்கும். பிறகு மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும். பூனைக்கும் வெறிநோய் ஊசி கட்டாயம் தேவை.

*குடற்புழு நீக்கம்:* குட்டிப் பருவத்தில் அடிக்கடியும், வளர்ந்தபின் 3 மாதத்துக்கு ஒருமுறையும் மருந்து தரலாம்.

*உண்ணி:* காது, விரலிடுக்கு, வால் அடிப்பகுதி ஆகியவற்றை வாரந்தோறும் பார்க்க வேண்டும். உண்ணி பரப்பும் நோய்கள் இரத்த அணுக்களை அழிக்கும். மூக்கில் இரத்தம், தோலில் சிவப்புப் புள்ளி, காப்பி நிறச் சிறுநீர் ஆகியன அவற்றின் அறிகுறிகள்.

*உணவு:* வெங்காயம், திராட்சை, சாக்லேட், சமைத்த எலும்பு ஆகியவை நாய்க்கு ஆகாது. பூனைக்குத் தயிர்ச்சோறும் பால்சோறும் மட்டும் போதாது. இறைச்சி, மீனில் உள்ள டாரின் என்ற சத்து குறைந்தால் அதன் கண்ணும் இதயமும் கெடும்.

*மருந்து:* மனிதருக்கான காய்ச்சல் மாத்திரையைத் தரவே கூடாது. பாரசிட்டமால் பூனையைக் கொல்லும்.

*வெயில்:* ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கொட்டகையில் நாயைக் கட்டக் கூடாது. நிழலும் குளிர்ந்த நீரும் எப்போதும் இருக்க வேண்டும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கும் பழக்கம் மிகவும் பயன்தரும். இளஞ்சிவப்பு நலத்தைக் காட்டும். வெளுப்பு இரத்தக் குறைவையும், மஞ்சள் கல்லீரல் அல்லது இரத்த அழிவு நோயையும், நீலம் மூச்சுத் தடையையும் காட்டும். ஒரு நாள் முழுவதும் தின்னாதிருத்தல், தொடர்ந்த வாந்தி, வலிப்பு, வயிறு உப்பி வாந்தி வராமல் ஓங்கரித்தல் ஆகியவை உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை.

பூனை நோயை மறைக்கும் உயிரினம். மூலையில் ஒளிந்திருத்தல், நக்கித் துப்புரவு செய்வதை நிறுத்துதல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல் ஆகியவற்றைச் சாதாரணமாக விடக்கூடாது. கடுவன் பூனை சிறுநீர் கழிக்க அடிக்கடி முக்கியும் வரவில்லை என்றால், அது ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும் அடைப்பாக இருக்கலாம். மலச்சிக்கல் என்று எண்ணிப் பலர் காத்திருப்பதே ஆபத்து.

வெறிநோயின் முதல் அறிகுறி குணமாற்றம். பழகிய நாய் ஒளியும், காரணமின்றிக் கடிக்கும், குரல் மாறும், கண்டதை விழுங்கும். எல்லா வெறிநாயும் ஓடிக் கடிப்பதில்லை. சிலவற்றுக்குத் தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, அமைதியாகக் கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியது என்று நினைத்து வாயில் கைவிடுவோர் கிருமிக்கு ஆளாகின்றனர். தண்ணீருக்கு அஞ்சுவது மனிதருக்கு வரும் அறிகுறியே. நாய் தண்ணீர் குடிக்கிறது என்பதால் அதற்கு நோயில்லை என்று முடிவு செய்யக் கூடாது.

கடிபட்டால்

காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஆழமான காயத்துக்கு, காயத்திலேயே செலுத்தும் எதிர்ப்புப் புரத மருந்தும் தேவை. கடித்த நாயையோ பூனையையோ அடித்துக் கொல்லாமல் 10 நாள் கண்காணிக்க வேண்டும். அது வரட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. பூனைக் கீறலையும் குட்டி நாயின் கடியையும் அலட்சியம் செய்வதே இன்றும் சில மரணங்களுக்குக் காரணமாகிறது.

இன்றைய நிலை

தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் சேர்த்துச் செய்யும் திட்டத்தைச் சென்னை மாநகராட்சி 1996-இல் ஏற்றது. 2001-இல் இதற்கு நாடு தழுவிய விதிகள் வந்தன. 2023-இல் அவை புதுப்பிக்கப்பட்டன. நாய்வழி வெறிநோயை 2030-க்குள் ஒழிக்கும் தேசியச் செயல்திட்டம் 2021 செப்டம்பர் 28 அன்று வெளியிடப்பட்டது. அது பாஸ்டர் மறைந்த நாள். அந்நாள் உலக வெறிநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மெய்ஸ்டருக்கு முதல் ஊசி போட்ட ஜூலை 6, விலங்குவழிப் பரவும் நோய்கள் குறித்த விழிப்புணர்வு நாளாகும். அந்நாளை ஒட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடைபெறுகின்றன. தோட்டத்துக் காவல் நாயையும் வீட்டுப் பூனையையும் அம்முகாம்களுக்குக் கொண்டுசெல்வது, அவற்றை வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே காப்பாகும்.