கலவன்: விதை வயலின் வரலாறு

களை என்னும் சொல்லை நாம் அனைவரும் அறிவோம். கொடுங்கொலை புரிவோரைத் தண்டிக்கும் அரசனைப் பயிரில் களையெடுக்கும் உழவனோடு ஒப்பிடுகிறது திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம். ஆனால் 'கலவன்' என்றொரு சொல் உண்டு. இலக்கிய மாணவர்களாகிய நமக்கு அது அவ்வளவாகப் பழக்கமில்லை. விதைப்பண்ணை வைத்திருக்கும் உழவர்களுக்கோ நாள்தோறும் நாவில் புழங்கும் சொல். களை, பயிருக்கு அயலான செடி. கலவனோ நெல்லுக்குள் நெல்லாகவே நிற்பது. அதே பச்சை, அதே தாள், அதே கதிர். ஆயினும் விதைத்த இரகம் அதுவன்று. அதனைக் கண்டறிந்து வேரோடு பிடுங்குவதே, வயலைச் சான்று விதை ஆய்வுக்கு ஆயத்தம் செய்வதன் உயிர்நாடி. இச்சிறு சொல்லின் பின்னே ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு மறைந்து கிடக்கிறது.

விதையைத் தனியே போற்றும் வழக்கம் நம்மிடம் மிகத் தொன்மையானது. அடியார்க்கு அமுதளிக்க வேறு வழியின்றி, அன்று பகலில் விதைத்த முளைநெல்லை மழையிரவில் வாரி வந்த இளையான்குடி மாறனாரின் வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது. விதைநெல்லை உண்பது எத்துணைப் பெரிய இழப்பு என்று கேட்போர் அறிந்திருந்தமையால்தான் அச்செயல் அருஞ்செயலாயிற்று. தென்மாவட்டங்களில் வைக்கோலால் சுற்றிக் கட்டி மண்ணும் சாணமும் மெழுகிய விதைக்கோட்டைகளில் அடுத்த பருவத்துக்கான நெல் உறங்கிற்று. அந்நாளில் விதைக்குச் சான்று அளித்தது தாளில் எழுதிய எழுத்தன்று; கொடுப்பவனைக் கொள்பவன் அறிந்திருந்தான் என்பதே சான்று. அந்த வயலை அவன் வரப்பில் நின்று பார்த்திருப்பான்.

விதை, முகமறியாதவரிடம் வாங்கும் பண்டமாக மாறியபோதுதான் சிக்கல் எழுந்தது. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் விதை வணிகத்தில் கலப்படம் மலிந்திருந்தது. இதனைக் கண்ட பிரடெரிக் நோபே என்னும் அறிஞர், 1869இல் ஜெர்மனியின் தாரண்டில் முதல் விதைப் பரிசோதனை நிலையத்தை நிறுவினார். மண்ணும் உமியும் எவ்வளவு, முளைப்புத்திறன் எவ்வளவு என்பனவற்றை ஆய்வகம் சொல்லிவிடும். ஆனால் ஒரு பிடி நெல்லைக் கையில் கொடுத்து, இது இன்ன இரகந்தானா என்று கேட்டால் ஆய்வகக் கண்ணாடி பெரும்பாலும் மௌனம் காத்தது. விடை வயலில் இருந்தது. செடி பூத்து நிற்கும்போதே அதன் குலம் வெளிப்படும். எனவே, விதையை மட்டுமன்றி அது விளையும் வயலையும் ஆய்வது என்னும் முறை வளர்ந்தது. 1919இல் அமெரிக்காவின் சிகாகோவில் உருவான பன்னாட்டுப் பயிர் மேம்பாட்டுச் சங்கம் இவ்வகையில் ஒரு மைல்கல்.

நம் நாட்டில் 1961இல் முதல் வீரிய ஒட்டு மக்காச்சோள இரகங்கள் வெளிவந்தன. அவற்றின் விதையை ஆண்டுதோறும் புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது. இத்தேவையை ஒட்டி 1963இல் தேசிய விதைக் கழகம் தோன்றிற்று. தொடக்கத்தில் வயலாய்வுப் பணியையும் அதுவே ஏற்றது. 1966 டிசம்பரில் விதைச் சட்டம் நிறைவேறியது. 1968இல் விதிகள் வகுக்கப்பட்டன. காந்தியடிகளின் நூற்றாண்டு நாளான 1969 அக்டோபர் 2 முதல் சட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. குறைந்தபட்சச் சான்றளிப்புத் தரங்கள் 1971இல் நூலாக வெளிவந்து, 1988இலும் 2013இலும் திருத்தம் பெற்றன. தமிழகத்தில் கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு விதைச்சான்றுத் துறை 1979இல் தனித்துறையாயிற்று. வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள், ஆதார விதைக்கு வெண்மை, சான்று விதைக்கு நீலம் எனச் சான்றட்டையின் நிறமே விதையின் தலைமுறையை அறிவிக்கலாயிற்று.

இனி வயலுக்குள் இறங்குவோம்.

ஆய்வுக்கான ஆயத்தம் நாற்று விடுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சென்ற பருவத்தில் உதிர்ந்த நெல் மண்ணுக்குள் காத்திருக்கும். புதிய பயிரோடு சேர்ந்து தானும் எழும். கலவனின் முதல் வாயில் இதுவே. ஆதலால் நிலத்துக்கு முன்கூட்டியே நீர் பாய்ச்சி, உதிர்நெல்லை முளைக்கச் செய்து, அம்முளைகளை மடக்கி உழுதுவிடுகின்றனர். பகையை வெளியே வரவழைத்து வெல்லும் போர்முறை இது! பின்னர் விதை வாங்கிய பட்டியலையும் பையிலிருந்த சான்றட்டையையும் காட்டி, விதைப்பு அறிக்கையைப் பதிவு செய்தல் வேண்டும். விதையின் தாய் யார் என்று சொல்ல இயலாத வயலுக்கு ஆய்வே இல்லை.

அடுத்தது பயிர் விலகு தூரம். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். அதன் மகரந்தம் காற்றில் நெடுநேரம் உயிர்த்திருப்பதில்லை. எனவே அடுத்த நெல் வயலுக்கும் விதை வயலுக்கும் இடையே 3 மீட்டர் போதும். காற்றின் வழியே அயல் மகரந்தம் ஏற்கும் கம்பு இரகங்களின் சான்று விதைக்கோ 200 மீட்டர் வேண்டும். ஒரு பயிரின் காதல் வாழ்வு எத்தகையது என்பதைப் பொறுத்தே வேலியின் தூரம் அமைகிறது என்பது எண்ணி மகிழத்தக்கது. நடவின்போது எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுவதும் நல்லது. பயிரை மிதிக்காமல் உள்ளே சென்று ஒவ்வொரு தூரையும் பார்க்க அது வழியாகும்.

கலவனைக் கண்டறிய மூன்று பருவங்கள் உண்டு. தூர் கட்டும்போது உயரமும் இலையின் நிறமும் அடித்தாளில் ஓடும் ஊதாச் சாயலும் காட்டிக் கொடுக்கும். பூக்கும்போது முந்திப் பூப்பதும் பிந்திப் பூப்பதும் அகப்படும். முதிரும்போது மணியின் வடிவமும் நிறமும் நுனியில் நீளும் மீசையும் வெளிப்படும். மீசை நீண்டு, தொட்டவுடன் மணி உதிர்ந்து, உரித்தால் அரிசி சிவந்திருக்கும் காட்டுநெல்தான் எல்லாவற்றினும் கொடிது. இவற்றைக் கதிரை மட்டும் கிள்ளாமல் தூரோடு பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டு செல்வர். இப்பணியில் தேர்ந்தோர் பலர் ஏட்டுப் பயிரியல் கற்றவரல்லர்; ஆண்டுக்கணக்கில் நடவும் களையெடுப்பும் செய்து கண் பழகிய பெண்கள்.

பூக்கும் பருவம் முதல் அறுவடைக்குள் குறைந்தது இருமுறை விதைச்சான்று அலுவலர் வருவார். 5 ஏக்கர் வரையுள்ள வயலில் 5 இடங்களில், இடத்துக்கு 1,000 கதிர்களாக 5,000 கதிர்கள் எண்ணப்படும். சான்று விதை வயலில் கலவன் 0.20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதாவது அந்த 5,000இல் பத்துக் கதிர். ஆதார விதை வயலுக்கு வரம்பு 0.05 விழுக்காடு; இரண்டுக்கு மேல் மூன்றாவது கதிருக்கு இடமில்லை. முதல் எண்ணிக்கையில் தரம் குன்றினால் மறுபடியும் எண்ணிப் பார்ப்பர். அதிலும் தவறினால், அத்தனை உழைப்பும் விதை என்னும் பெயரை இழந்து வெறும் நெல்லாக விலைபோகும். தேறினால் மட்டும் போதாது. அறுவடைக் கருவி, களம், சாக்கு என ஒவ்வொன்றிலும் பிற இரகத்தின் மணி ஒட்டியிராமல் காக்க வேண்டும். வயலில் வென்று களத்தில் தோற்ற கதைகள் பல.

இவ்வளவும் நியாயமே. நீல அட்டையை நம்பி விதை வாங்கும் உழவனுக்கு ஓர் ஆண்டின் வாழ்வே அதில் அடங்கியிருக்கிறது. ஆயினும் வரலாற்றை நோக்கும் நமக்கு ஓர் உறுத்தல் எழாமலில்லை.

முன்னாளில் தஞ்சை மண்டலத்தில் குறுவை விதையோடு நீண்ட வயதுடைய ஒட்டடையான் விதையைக் கலந்தே விதைக்கும் முறை இருந்தது. குறுவை முதலில் அறுவடையாகும். ஒட்டடையான் மீண்டும் தழைத்துப் பின்னர் பலன் தரும். அங்கே கலப்பு குற்றமன்று, உழவனின் அறிவு. மேலும், சட்டத்தின்படி அறிவிக்கை செய்யப்பட்ட இரகங்களுக்கே சான்று கிட்டும்; எனவே ஊரார் பேணிய இரகங்கள் பலவும் இவ்வாயிலுக்கு வெளியிலேயே நின்றன. உழவர் தம் இரகங்களைப் பதிவு செய்யவும், வணிகப் பெயரிடாமல் தம் விதையைச் சேமித்துப் பகிர்ந்து விற்கவும் உள்ள உரிமையை 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம்தான் எழுத்தில் வடித்தது.

இன்னொன்றும் உண்டு. 1912இல் கோவையில் தோன்றிய நெல் ஆராய்ச்சி நிலையம் 1921இல் ஜி.இ.பி. 24 என்னும் புகழ்பெற்ற சன்ன இரகத்தை வெளியிட்டது. ஆடுதுறை 27க்கும், நம் சந்தைகளில் ஆந்திரா பொன்னி என்று வழங்கும் சம்பா மசூரிக்கும் அது மூதாதை. அந்த ஜி.இ.பி. 24 எங்கிருந்து வந்தது? பழைய இரகம் ஒன்றின் பயிரிடையே இயல்பாகவே மாறி எழுந்து நின்ற ஒரு செடியிலிருந்து! விதை வயலின் அளவுகோலால் நோக்கின் அதுவும் ஒரு கலவனே. அன்று ஒருவர் அதனைப் பிடுங்கி எறியாமல் உற்றுப் பார்த்தார். அதனால் பிறகு கோடிக்கணக்கானோர் உண்டனர்.

விதைப்பண்ணை உழவன் அவ்வாறு நின்று பார்க்க இயலாது. அவன் கடமை பிடுங்குவதே. ஆனால் பிடுங்குவதற்கும் போற்றுவதற்கும் வேண்டியது ஒரே கண்தான். ஆயிரம் கதிர்களுக்கிடையே வேறுபட்டு நிற்கும் ஒன்றை அடையாளம் காணும் அந்தக் கண், வயலில் குனிந்து நடப்போரிடம் இன்னும் இருக்கிறது. சான்றட்டையில் அவர்கள் பெயர் இடம்பெறுவதில்லை. அந்த அட்டையின் நம்பகத்தன்மை அவர்கள் பார்வையில்தான் தொடங்குகிறது என்பதை நாமேனும் நினைவில் கொள்வோம்.